செக் லைட்டுக்குத் தெரிந்தது எவ்வளவு?

“வண்டி மிஸ்ஸிங் அடிக்குது” என்ற புகாரோடு ஒரு கார் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது இங்கே கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்கேனரைச் செருகுவார்கள். திரையில் பி0303 என்று வரும். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். உடனே மூன்றாவது சிலிண்டருக்குப் புது காயில் ஒன்று, கூடவே நான்கு பிளக்கும் புதிது. சில வண்டிகள் அதோடு சரியாகிவிடும். சில வண்டிகள் மூன்றாம் வாரமே அதே புகாரோடு திரும்பி வரும். சரியானால் மெக்கானிக்கின் கைராசி, சரியாகாவிட்டால் வண்டியின் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: அந்த எண் காரணத்தைச் சொல்வதில்லை, விளைவைத்தான் சொல்கிறது. காரணம் என்று நாம் சந்தேகிக்கும் இரண்டு மூன்று விஷயங்கள் வெவ்வேறு பதில் தரும்படியான கேள்வியை எஞ்சினிடம் கேட்பதே நோயறிதல். பாகத்தை மாற்றிப் பார்ப்பதும் அப்படி ஒரு கேள்விதான். ஆனால் இருப்பதிலேயே செலவு கூடியதும், பதில் தெளிவில்லாமல் வருவதும் அதுதான். பேச்சை இஞ்செக்டர் வைத்த பெட்ரோல் எஞ்சினோடு நிறுத்திக்கொள்கிறேன். ஸ்பார்க் பிளக்கே இல்லாத டீசலின் கணக்கு வேறு.

முதலில், மிஸ்ஃபயர் என்பதை வண்டியின் கணினி எப்படித் தெரிந்துகொள்கிறது? பிளக்கில் தீப்பொறி வந்ததா என்று பெரும்பாலான கார்களில் அது பார்ப்பதில்லை. பெட்ரோல் எரிந்ததா என்றும் பார்ப்பதில்லை. அது பார்ப்பது கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சி வேகத்தை மட்டும். கிராங்க்கோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்தின் எதிரே ஒரு சென்சார் இருக்கிறது. பல கார்களில் இந்தச் சக்கரம் 60 பற்களுக்கான இடம் கொண்டது. அதில் இரண்டு பற்களை வேண்டுமென்றே எடுத்திருப்பார்கள், சுற்றின் தொடக்கம் எது என்று தெரிவதற்காக. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர் வெடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 750 சுற்று என்று ஐடிலில் நிற்கும்போது அந்த அரைச் சுற்றுக்கு 40 மில்லி நொடி பிடிக்கும். வெடித்த சிலிண்டர் கிராங்க்கைத் தள்ளிவிடுகிறது; வெடிக்காதது தள்ளுவதில்லை, அந்த அரைச் சுற்று மட்டும் சற்றே இழுத்துக்கொண்டு நகர்கிறது. இந்த நேரப் பிசகைத்தான் கணினி எண்ணுகிறது. எந்தச் சிலிண்டரின் முறையில் பிசகு வந்ததோ அதன் பெயரில் எழுதிக்கொள்கிறது. பலவற்றிலும் மாறி மாறி வந்தால் பி0300. ஆக, ஸ்கேனர் நமக்குச் சொல்வது “மூன்றாவது சிலிண்டரின் முறை வந்தபோது கிராங்க் தாமதித்தது” என்பதை மட்டும். காயில் என்ற சொல்லே அதில் இல்லை. நாம்தான் சேர்த்துப் படிக்கிறோம்.

தாமதத்தைத்தான் பார்க்கிறது என்பதால் கணினி ஏமாறவும் கூடும். குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்கள் துள்ளும்போது அந்த அதிர்வு கியர் வழியாகக் கிராங்க்கை எட்டி, மிஸ்ஃபயர் போலவே தோற்றம் தரும். இதற்காகவே சில கார்களில் ஏபிஎஸ் சக்கர சென்சார்களின் தகவலையும் வைத்து, “இது சாலையின் குற்றம்” என்று கணக்கிலிருந்து தள்ளிவிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பல்சக்கரத்தின் பற்கள் நூறு சதவீதம் சம இடைவெளியில் இருப்பதில்லை. அந்தச் சிறு கோணலைக் கணினி ஓட்டத்தின்போது கற்று வைத்துக்கொள்கிறது. கிராங்க் சென்சாரை மாற்றிவிட்டு இந்தக் கற்றலைப் புதுப்பிக்காமல் விட்டால், ஒழுங்காக எரியும் எஞ்சினிலும் மிஸ்ஃபயர் எண் வரலாம். எனவே எண் வந்ததும் முதல் கேள்வி, எஞ்சின் உண்மையாகவே மிஸ்ஸாகிறதா என்பது. சைலன்சர் வாயில் கையை நீட்டிப் பார்த்தால் தெரிந்துபோகிற விஷயத்தைக்கூட இப்போது யாரும் பார்ப்பதில்லை.

உண்மையான மிஸ்ஸிங் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரில் எரிதல் நடக்கச் சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், போதுமான கம்ப்ரஷன், உரிய கணத்தில் பலமான தீப்பொறி ஆகியவை வேண்டும். எதில் குறை என்பதை எஞ்சின் எந்த வேளையில் தடுமாறுகிறது என்பதே பாதி சொல்லிவிடும். ஏற்றத்தில் நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறதா? அப்போது சிலிண்டருக்குள் நிறையக் காற்று நுழைந்து நெருக்கப்படுகிறது. நெருக்கம் கூடிய காற்றில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவை. பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தித் தருகிறது; தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகன்றிருந்தால் அந்தத் தேவை இன்னும் கூடும். பலவீனமான காயில் ஐடிலில் சமாளித்துவிட்டு, ஏற்றத்தில் கைவிரிக்கும். இதற்கு நேர்மாறாக, சிக்னலில் நிற்கும்போது நடுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிவிடுகிறதா? அப்போது காற்றுக் கசிவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஐடிலில் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று மிகக் குறைவு. வெடித்த ரப்பர் குழாய் வழியாக நுழையும் திருட்டுக் காற்று அதில் பெரும்பங்கு. வேகத்தில் போகும்போது கசிவு அதே அளவுதான், ஆனால் மொத்தக் காற்றில் அதன் பங்கு அற்பமாகிவிடுகிறது. பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ இது தலைகீழாக இருக்கும். கேட்கும் அளவு கூடக் கூடத்தான் பற்றாக்குறை வெளியே தெரியும். ஒரே “மிஸ்ஸிங்” என்ற சொல்லுக்குள் எதிர் எதிரான இரண்டு நடத்தைகள் இருக்கின்றன. வண்டிக்காரரிடம் “எப்போ மிஸ்ஸாகுது சார்?” என்று கேட்க ஒரு காசும் செலவில்லை.

“ஸ்கேனரில் எண் மட்டுமா வருகிறது? ஆக்சிஜன் சென்சார், ஃப்யூயல் ட்ரிம் எல்லாம் வருகிறதே, அவை காரணத்தைச் சொல்லாதா?” என்று கேட்கலாம். சொல்லும், ஆனால் படிக்கத் தெரிந்தவருக்குத்தான். இந்த இடத்தில்தான் காரணமும் விளைவும் இடம் மாறி நின்று பலரை ஏமாற்றுகின்றன. பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதம் நிற்கிறதா என்று சைலன்சர் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்காணிக்கிறது. பெயரிலேயே இருக்கிறபடி, அது உணர்வது ஆக்சிஜனை. பெட்ரோலை அதற்குத் தெரியாது. இப்போது பிளக் செத்துப்போன ஒரு சிலிண்டரை எண்ணிப் பாருங்கள். உள்ளே போன பெட்ரோலும் எரியாமல் வருகிறது, காற்றும் எரியாமல் வருகிறது. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் பார்த்த சென்சார், “பெட்ரோல் போதவில்லை, கலவை லீன்” என்று சேதி அனுப்புகிறது. கணினி நம்பி, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஸ்கேனரில் அந்தக் கூட்டலைக் காட்டும் ட்ரிம் எண் உயர்ந்து நிற்பதைப் பார்த்து, “லீனாக ஓடுகிறது, இஞ்செக்டர் அடைப்பு” என்று முடிவு கட்டினால் நாம் விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டோம் என்று பொருள். லீனாக ஓடியதால் மிஸ்ஸானதா, மிஸ்ஸானதால் லீன் போலத் தெரிகிறதா? இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. எஞ்சினை 2,500 சுற்றில் நிறுத்தி மறுபடி எண்ணைப் பாருங்கள். ஐடிலில் உயர்ந்திருந்த ட்ரிம் அங்கே இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. வேகமும் சுமையும் கூடக் கூட ஏறினால் பெட்ரோல் அழுத்தம் போதவில்லை. எல்லா நிலையிலும் ஒட்டிக்கொண்டு, ஒரே சிலிண்டரின் மிஸ்ஸோடு சேர்ந்து வந்து சேர்ந்து போனால், அது பெரும்பாலும் மிஸ்ஸிங்கின் நிழல்.

எந்தெந்தச் சிலிண்டர்கள் சேர்ந்து மிஸ்ஸாகின்றன என்பதும் நல்ல சாட்சி. பழைய பல நான்கு சிலிண்டர் கார்களில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில்தான். 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொரு ஜோடி. ஒரு சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்போது அதன் ஜோடி புகை தள்ளும் வேளையில் இருக்கும்; பொறி இரண்டிலும் விழும், ஒன்றில் மட்டுமே வேலை செய்யும். அப்படிப்பட்ட காரில் 1-ம் 4-ம் சேர்ந்து மிஸ்ஸானால், எஞ்சினின் இரு கோடியில் இருக்கும் இவற்றுக்குப் பொதுவாக இருப்பது காயிலைத் தவிர வேறு ஏதும் இல்லை என்றே சொல்லலாம். 1-ம் 2-ம் சேர்ந்து மிஸ்ஸானால்? காயில் பொது இல்லை, சுவர் பொது. இரண்டுக்கும் இடையில் ஹெட் கேஸ்கெட் வெந்துபோய், ஒன்றின் கம்ப்ரஷன் மற்றதில் கசிகிறது என்ற சந்தேகத்துக்கு அது நேராகக் கொண்டுவிடும். 2-ம் 3-ம் சேர்ந்தால்தான் சிக்கல். அவை காயில் ஜோடியும்கூட, பக்கத்து வீட்டுக்காரர்களும்கூட. அந்த ஒரு வேளையில் இந்தச் சாட்சி நமக்கு உதவாது, கம்ப்ரஷன் பார்த்தே தீர வேண்டும். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் வைத்த இன்றைய கார்களில் முதல் தர்க்கம் செல்லாது. கேஸ்கெட் தர்க்கம் செல்லும்.

ஒரே ஒரு சிலிண்டர் மிஸ்ஸானால் செய்ய வேண்டிய சோதனை மிக எளிது. மூன்றில் மிஸ். மூன்றின் காயிலை எடுத்து ஒன்றில் போடுங்கள், ஒன்றின் காயிலை மூன்றில். மூன்றின் பிளக்கை இரண்டில் போடுங்கள், இரண்டின் பிளக்கை மூன்றில். இஞ்செக்டரைத் தொட வேண்டாம். பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ் ஒன்றுக்குப் போனால் காயில் குற்றவாளி. இரண்டுக்குப் போனால் பிளக். மூன்றிலேயே நின்றால் இஞ்செக்டர், ஒயரிங், கம்ப்ரஷன் இவற்றில் ஒன்று. ஒரு புதுப் பாகமும் வாங்கவில்லை, ஒரே ஓட்டத்தில் மூன்று பதிலில் ஒன்று கிடைத்துவிட்டது. 1843-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் தர்க்க நூல் எழுதியபோது, மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்று மட்டும் வேறுபட்டால் காரணம் அதில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு முறையை வகுத்தார். மில்லைப் படிக்காத எத்தனையோ மெக்கானிக்குகள் அதை அன்றாடம் கையால் செய்கிறார்கள். காயிலையும் பிளக்கையும் ஒரே சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் புதிதாகப் போடுகிறவரோ, எது குணமாக்கியது என்று தானே தெரிந்துகொள்ள முடியாதபடி செய்துவிடுகிறார்.

“பிளக் என்ன விலை? மாற்றிவிட்டுப் போகலாமே” என்பது வலுவான மறுப்புதான், தட்டிக்கழிக்க மாட்டேன். பிளக்கின் ஆயுள் முடிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், மிஸ்ஸானாலும் மிஸ்ஸாகாவிட்டாலும். ஆனால் அது பராமரிப்பு, நோயறிதல் இல்லை. மாற்றும்போது ஒன்று செய்யுங்கள்: கழற்றிய பிளக்குகளைக் குப்பையில் எறியாமல், எது எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். வெண்மையாக வெந்திருந்தால் லீன் அல்லது அதிகச் சூடு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ. மூன்று பிளக் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோலப் பளிச்சென்று இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறதா என்று பார்க்காமல் பானட்டை மூடக் கூடாது.

காரணத்துக்குப் பின்னால் இன்னொரு காரணம் நிற்பதுதான் வண்டி திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் அடிப்படை. காயில் செத்துவிட்டது, சரி, ஏன் செத்தது? பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றதால் காயில் ஒவ்வொரு பொறிக்கும் கூடுதல் வோல்ட் தர வேண்டியிருந்திருக்கலாம். அந்த அழுத்தத்தில் அதன் இன்சுலேஷன் ஓட்டை விழுந்திருக்கலாம். அல்லது டாப்பெட் கவர் பேக்கிங் கசிந்து, பிளக் இறங்கியிருக்கும் குழியில் எண்ணெய் தேங்கி, காயிலின் ரப்பர் காலை ஊறவைத்துக் கெடுத்திருக்கலாம். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோதோ மழை வெள்ளத்திலோ அதே குழிக்குள் நீர் இறங்கியிருக்கலாம். இந்த வண்டிகளில் புதுக் காயில் போட்டால் மிஸ் நின்றுவிடும், சோதனையும் “காயில்தான்” என்று சரியாகவே சொல்லும். சில மாதத்தில் புதுக் காயிலும் சாகும். அப்போது காயில் தயாரித்தவரைத் திட்டுவோம்.

கம்ப்ரஷன் பார்ப்பதை நம் ஒர்க்‌ஷாப்புகளில் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சின் பிரிக்க வேண்டிவருமோ என்ற பயம். உண்மையில் பார்க்க எதையும் பிரிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி கேஜைத் திருகி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் போதும். நல்ல பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரும். அந்த எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்; ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, பிளக் துளை வழியே கம்ப்ரசர் காற்றைச் செலுத்திக் காது கொடுங்கள். காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். எஞ்சினைத் திறக்காமலே எங்கே ஓட்டை என்று இவ்வளவு நேராகச் சொல்லும் சோதனை வேறு இல்லை.

இரட்டை எரிபொருள் கார்களில் சோதனை ஒன்று கட்டியே வருகிறது. சிஎன்ஜியில் மிஸ்ஸானால் பெட்ரோலுக்கு மாற்றிப் பார்க்கலாம். பெட்ரோலில் சரியாக ஓடினால் குற்றம் கேஸ் கிட்டில் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே அவசரம் கூடாது. சிஎன்ஜி கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடப் பலமான பொறி வேண்டும். ஆகவே நலிந்த பிளக்கும் காயிலும் முதலில் காட்டிக்கொடுப்பது கேஸில்தான். அதாவது இந்தச் சோதனை கேஸ் கிட்டையும் பொறியையும் பிரித்துக் காட்டுவதில்லை, இரண்டிலும் ஒரே பதில்தான் வரும். பெட்ரோலிலும் மிஸ்ஸானால்தான் அது உபயோகமாகிறது: கேஸ் கிட்டை மறந்துவிடலாம். நெடுநாள் கேஸில் ஓடிய எஞ்சினாக இருந்தால் வால்வு சீட் தேய்ந்து, டாப்பெட் இடைவெளி இல்லாமல் போய், சூட்டில் வால்வு முழுக்க மூடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது எல்லாக் கோளாறுக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலைக் குற்றம் சொல்வது வழக்கமாகியிருக்கிறது. நாட்டில் 20 சதவீதக் கலப்பு வந்துவிட்டது. எத்தனால் முழுமையாக எரிய ஒன்பது பங்கு காற்று போதும் என்பதால் கலவை விகிதம் மாறுகிறது என்பதும், அது நீரை ஈர்க்கும் என்பதும், நீர் மிஞ்சினால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும் என்பதும் உண்மை. அடியிலிருந்து உறிஞ்சும் பம்ப் அதைத்தான் முதலில் அனுப்பும். ஆனால் டேங்க் நான்கு சிலிண்டருக்கும் பொது. குற்றம் பெட்ரோலில் என்றால் தடுமாற்றமும் எல்லாச் சிலிண்டரிலும் தெரிய வேண்டும், எண்ணும் பி0300 ஆக வர வேண்டும். மூன்றாவது சிலிண்டர் மட்டும் மிஸ்ஸாகும்போது எத்தனாலைத் திட்டுவது தர்க்கமில்லை. பழைய அழுக்கை எத்தனால் கிளப்பி ஒரு இஞ்செக்டரை அடைத்திருக்கலாமே என்றால், இருக்கலாம். அதையும் இஞ்செக்டரை இடம் மாற்றித் தெரிந்துகொள்ளலாம்.

“முப்பது வருஷ அனுபவம், சத்தம் கேட்டாலே தெரியும்” என்பவருக்கு என்ன பதில்? அனுபவம் பெரிய சொத்து. எந்த மாடலில் எது அடிக்கடி போகும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவு எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். எந்தப் பாகத்தை வாங்குவது என்று அல்ல. பத்தில் எட்டு வண்டியில் காயில்தான் என்றாலும் எதிரே நிற்பது ஒன்பதாவது வண்டியாக இருக்கலாம். ஆனால் பழியை மெக்கானிக்கின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. காயில் மாற்றினால் பில்லில் ஒரு வரி விழும், வாடிக்கையாளர் வாய் பேசாமல் கொடுப்பார். ஒரு மணி நேரம் சோதித்து, “கழன்ற ஒயரைச் செருகினேன், சரியாகிவிட்டது” என்று கூலி கேட்டால், “ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு?” என்பார். பார்ப்பதற்குக் கூலி தராத ஊரில் மாற்றுவதுதான் தொழிலாகும்.

விட்டுவிட்டு வரும் மிஸ்ஸிங்தான் கடினம். ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். அதற்காகத்தான் எண் பதிவான கணத்தின் வேகம், எஞ்சின் சூடு, சுமை ஆகியவற்றைக் கணினி சேர்த்தே பதிந்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் எனப்படும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் எண்ணை அழித்துவிடுவது கையிலிருக்கும் சாட்சியைக் கிழித்துப்போடுவது. சூடானபின் மட்டும் மிஸ்ஸானால் காயிலின் உள்சுருள் சூட்டில் விட்டுவிடுகிறதா என்று பார்க்க வழி பிறக்கும். குளிரில் மட்டும் என்றால் வேறு திசை. எண் பதிந்ததும் டாஷ்போர்டில் வரும் செக் லைட் நிலையாக எரிந்தால் இப்படி ஆற அமரத் தேடலாம். அது விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திருக்கக் கூடாது: எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும் அளவுக்கு மிஸ் கூடிவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது. அதனால்தான் எந்தச் சிலிண்டர் என்று பார்க்க ஓடும் எஞ்சினில் காயில் பிளக்கைப் பிடுங்குவதைவிட இஞ்செக்டர் ஒயரைப் பிடுங்குவது மேல். அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது.

வேலை முடிந்ததும் எண்ணை அழித்து, லைட் வரவில்லை என்று சாவியைக் கொடுத்துவிடுவது சோதனை ஆகாது. அழித்தவுடன் கணினி தன் திருத்தங்களை மறந்து, சில காலம் புதிதாகக் கற்கிறது. அந்த இடைவெளியில் கோளாறுள்ள பல வண்டிகளும் லைட் இல்லாமல் ஓடும். ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே சூட்டுக்கு எஞ்சினைக் கொண்டுவந்து, அதே வேகத்தில், அதே சுமையில் ஓட்டி, ஸ்கேனரில் சிலிண்டர்வாரியாக வரும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை மூன்றாவது சிலிண்டரில் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு பில் எழுதுங்கள். அந்தப் பில்லில் ஓட்டிப் பார்த்ததற்கும் ஒரு வரி இருக்கட்டும்.